வெள்ளிக்கிழமை மீன்

ஓடில் கெளுத்தியின் தலையை மேடைமேல் அழுத்திப் பிடித்து, சுத்தியலால் ஓங்கி அடித்தாள். சாகவில்லை. வால் துடித்ததில் அவள் முகமெல்லாம் ரத்தம். இன்னொரு அடி. பிறகு குறடால் தோலைப் பற்றி உரித்தாள்.

"மெதுவாக்கா, அது பிராடி இல்ல, மீனு," என்றாள் சோளமாவில் உப்புக் கலந்துகொண்டிருந்த தங்கை செல்மா.

"பிராடியா இருந்தா குறடு பத்தாதுடி."

லூசியானாவில் கத்தோலிக்கர்களான நாங்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாமல் மீன்தான் சாப்பிடுவோம்; அதனால் எங்கள் தெருவில் யாருக்குக் கஷ்டம் வந்தாலும் அன்று மீன் பொரித்து, தட்டுத் தட்டாக விற்போம். ஆஸ்பத்திரியில் துணி வெளுத்துவிட்டு வந்து, யார் யார் சாவுச் செலவுக்கோ எண்ணெய்ச் சட்டி முன் நின்றவள் ஓடில். இந்த வாரம் தன் மகன் மார்செலுக்காக.

பெட்ரோல் பங்கில் படகுக்கடைக்காரர் மகன் பிராடி உடைந்த பாட்டிலோடு மார்செல்மேல் பாய்ந்தான். மார்செல் திருப்பி அடித்தான். இருவரையும் போலீஸ் ஒரே வண்டியில் ஏற்றியது. நீதிபதி இருவருக்கும் ஒரே ஜாமீன் தொகை போட்டார்.

"ஒரே தொகையாம், என்னா நியாயம்!" செல்மா உதட்டைச் சுழித்தாள். "அவன் அன்னிக்கே ராத்திரிச் சோத்துக்கு வீடு வந்துட்டான். நம்ம புள்ள உள்ள கெடக்குறான்."

போன் அடித்தது. சிறையிலிருந்து மார்செல், வார்த்தைகள் வீங்கி வந்தன.

"அம்மா, கூட அடைச்சிருக்குறவனுங்க ஷூவைக் கேட்டானுங்க, குடுக்கல. வாயிலேயே மிதிச்சிட்டானுங்க. ராத்திரி மறுபடி வருவானுங்க. குத்தத்த ஒத்துக்கிட்டா இன்னிக்கே விட்டுடுவாங்கன்னு வக்கீல் சொல்றாரு. கையெழுத்துப் போட்டுடவா?"

"போட்டேன்னா பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை வேலைக்கு ஆயுசுக்கும் எடுக்க மாட்டாங்கடா. பண்ணாத தப்ப ஏன் ஒத்துக்கணும்? நாளைக்கு மீன் வித்ததும் ஜாமீன் ஏஜென்ட்டுக்குக் கட்டிடுறேன். ஒரு ராத்திரி பொறுத்துக்க."

அவள் போனை வைத்ததும் செல்மா கேட்டாள்: "இப்பவே பொரிச்சு வித்தா என்னக்கா?"

"வியாழக்கிழமை மீன் யாருடி வாங்குவா?"

மறுநாள் மதியத்துக்குள் எல்லாத் தட்டும் தீர்ந்தன. தொகையில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு மீதிக்குப் பொறுப்பேற்கும் ஏஜென்ட்டிடம் கட்டிவிட்டுச் சிறைக்கு ஓடினாள். அந்தப் பங்கு அவருடைய கூலி, திரும்பி வராது. காத்திருப்பு அறைக்கு மார்செலைக் கொண்டுவந்து விட்டார்கள். இடது கண்மேல் கட்டு, அதில் ரத்தம் ஊறியிருந்தது; வலது கண்ணும் வீங்கிப் பாதி மூடியிருந்தது. இனி இடது கண்ணில் பார்வை வராது என்று காவலர் சொல்லிவிட்டுப் போனார்.

"கட்டிட்டேன்டா, வா."

"நேத்தே கையெழுத்துப் போட விட்டிருந்தா இந்தக் கண்ணு இருந்திருக்கும்லம்மா?"

ஓடில் அவன் கையைப் பிடிக்க வந்தாள்.

மார்செல் கையை விலக்கிக்கொண்டான். பிறகு சுவரைத் தடவி, கதவைக் கண்டுபிடித்து வெளியே போனான்.