என் கையால் குத்திய முத்திரை

அந்த உறையின் பின்புறம் தர்மபுரி தபால் முத்திரை தெளிவாக இருக்கிறது. 1969 செப்டம்பர். மை திட்டாகாமல், தேதி நிமிர்ந்து நிற்கும்படி குத்துவது என் வழக்கம். அது நான் குத்திய முத்திரைதான்.

என் மனைவிக்கு முதலில் கை போயிற்று. 1968 கார்த்திகையில் ஒரு நாள் களி கிண்டும்போது துடுப்பு நழுவி விழுந்தது. நாட்குறிப்பில் 'கை வலி' என்று எழுதினேன். வலியே இல்லை என்று அவள் சொன்னதைப் பங்குனியில்தான் எழுதியிருக்கிறேன். ஆனியில் பேச்சு குழறியது. எனக்கு லீவு கிடைக்காததால், பக்கத்துத் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவளுடைய அண்ணன் ஆடியில் அவளை மெட்ராஸுக்கு அழைத்துப் போனார்.

"நரம்புத் தளர்ச்சியாமுங்க மாப்ள. சத்தா சாப்பிட்டா ஒரு வருசத்துல சரியாயிருமாம்" என்றார் திரும்பி வந்து. நான் நம்பினேன். அப்போது அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

செப்டம்பரில் அவர் பெயருக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை, மெட்ராஸ் முத்திரை மட்டும் இருந்தது. நான் முத்திரை குத்தி முடித்த நேரத்தில் அவரே தபாலாபீஸ் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"என்னங்க மச்சான், மெட்ராஸ்ல இருந்து லெட்டரு? அங்கயும் ஒரு வூடு வெச்சிருக்கீங்களா?"

"இருக்கற ஒரு வூட்டையே கட்டி மேய்க்க முடியலீங்க மாப்ள" என்று சிரித்தவர், உறையைப் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பிறர் கடிதத்தில் என்ன இருக்கிறதென்று கேட்பது எங்கள் வேலையில் தவறு. நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் பதவி உயர்வு கொடுத்து என்னை அரூருக்கு மாற்றினார்கள். ஞாயிறு மட்டும்தான் வீட்டுக்கு வர முடியும். வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று மச்சானிடம் கேட்டேன்.

"போய்ட்டு வாங்க. கூடப் பொறந்தவன் நா இருக்கறனில்ல?"

அவளும் தலையாட்டினாள். போனேன்.

1970 தையில் அவளைத் தீர்த்தமலைக்கு அழைத்துப் போனேன். குணமானால் மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டுதல். படியேறும்போது ஐந்து இடத்தில்தான் உட்கார்ந்தாள் என்று குறித்து, 'தேறுகிறாள்' என்ற சொல்லுக்கு அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அதே வருடம் மார்கழியில் இறந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அவள் சம்பந்தப்பட்ட தாள்களை வரிசைப்படுத்தி வைக்க வேண்டுமென்று மச்சான் வீட்டில் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் கேட்டேன். அவர் கடையில் இருந்தார். அவர் மனைவி ஒரு துணிப்பையை எடுத்துக் கொடுத்தார். சீட்டுகளுக்கு நடுவில் அந்த உறை. உள்ளே மெட்ராஸ் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய அரைப்பக்கம். மோட்டார் நியூரான் நோய், தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும், மருந்தில்லை, ஒன்றிரண்டு வருடம்.

நேராகக் கடைக்குப் போனேன். உறையைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த முழக்கோலைக் கீழே வைத்தார்.

"என் கையால முத்திரை குத்திக் குடுத்ததுங்க இது. எங்கிட்டயே மறைச்சுட்டீங்களே?"

"அவதான் மாப்ள சத்தியம் வாங்கிட்டா. 'அவருக்குத் தெரிஞ்சா, இன்னிக்குக் காலு போச்சு, இன்னிக்குத் தொண்டை போச்சுன்னு தேதி போட்டு எழுதிட்டு உக்காந்திருப்பாருண்ணா. சிரிச்ச மூஞ்சியோட இருக்கட்டும்'னா."

"அரூருக்குப் போவாதீங்கன்னாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

அவர் மடித்திருந்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

தங்கைக்குக் கொடுத்த சத்தியத்தை அவர் காப்பாற்றிவிட்டார். எனக்கென்று யாரும் எதையும் சத்தியம் செய்திருக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் வீதம் என்னிடமிருந்து போன நாட்களை யாரிடம் கேட்பது? 1977இல் அவர் இறக்கும்வரை அந்தக் கடை வாசலை நான் மிதிக்கவில்லை. அவளோடு சண்டை போடத்தான் வழியில்லை.

1970 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு இப்படி இருக்கிறது. அப்போது அவளுக்குப் பேச்சு அறவே நின்றிருந்தது. 'நோட்டைத் திறந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வெயிலில் கண் கூசியிருக்கும்.' எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன் என்றும் எழுதியிருக்கிறேன்.