கடைசி அத்தியாயம் படிக்காத செல்வம்

பாளையங்கோட்டையில் என் தையல் கடையில் மாதம் ஒரு ஞாயிறு ஆறு கூட்டாளிகள் கூடுவோம். விண்கலம், மந்திரவாதி, டிராகன் என்று வரும் கதைப் புத்தகங்களைப் படித்துவிட்டுப் பேசுவோம். புத்தகத்தை முடிக்காமல் வந்தவன் வாயைத் திறக்காமல் எல்லாருக்கும் டீ போட வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான்.

ஒரு மாதம், கிரகம் ஒன்றைக் காலி செய்துவிட்டுச் சனங்கள் கப்பலேறிப் போகிற கதை. செல்வம் கடைசி அத்தியாயம் படிக்கவில்லை என்றான்.

"பேசாம டீக்கடை வச்சிரு லே, ஒனக்குப் புஸ்தகம் எதுக்கு?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் எழுந்துபோய் டீ போட்டு வந்தான்.

கிளாஸை என்னிடம் நீட்டியபோது மெல்லச் சொன்னான். "வீட்டைப் பூட்டுத இடம் வரைக்கும் படிச்சேன் அண்ணாச்சி. மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்ட மூடி எங்களக் காலி பண்ணச் சொன்னப்ப, நாங்க வீட்டப் பூட்டிட்டு மலைய விட்டு எறங்கும்போது எங்கம்மா, 'சாவிய யார்ட்ட லே குடுக்கணும்'னு கேட்டா. அதுக்கு மேல படிக்க முடியல."

ஆட்கள் சொல்லும் நல்ல வார்த்தைகளை நோட்டில் குறித்து வைப்பவன் நான். அன்று கை வரவில்லை. இனிமேல் இவன் இங்கே வரமாட்டான் என்றே நினைத்தேன்.

"தப்புதான் லே, மன்னிச்சிரு. இன்னைக்கு நீ பேசு, நாங்க கேக்கோம்" என்றேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு, "அந்தக் கிரகத்துல ஒரு அட்டைகூடக் கடிக்கல. எழுதினவரு மலையில இருந்ததில்ல போல வே" என்று ஆரம்பித்தான்.

கோபித்துக்கொண்டு அவன் போயிருந்தால் நியாயம்தான். போகாமல் உட்கார்ந்து தன் ஊரை எங்களுக்குச் சொன்னானே, அதை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது.