ஒரு சொட்டு ஒழுகாத பம்பு

"உடைஞ்சு போகும்னு நினைச்சு நான் ஒரு பம்பு செஞ்சதே கிடையாது! அந்த உதிரிச் சாமான் குப்பையை அவங்களே கட்டிட்டு அழட்டும்!"

பம்புத் தொழிற்சாலையின் மேனேஜர் மேசையைத் தட்டினார். தலைமைக் கம்பெனி தொழிற்சாலையை விற்கக் கிளம்பியதும், அவரும் இன்னும் மூன்று அதிகாரிகளும் வீடுகளை அடகுவைத்துத் தாங்களே வாங்கிவிடுவதென்று துணிந்திருந்தார்கள். உதிரிச் சாமான் வியாபாரத்தைத் தன்னிடமே விட்டுவிட்டால் விலையைக் குறைப்பதாகத் தலைமைக் கம்பெனி சொல்லியிருந்தது. ஒரு சொட்டு ஒழுகினாலும் பம்பை வாசல் தாண்ட விடமாட்டார் என்பதால் அவருக்குப் பட்டப்பெயரே 'சொட்டு'தான்.

"அண்ணே, கோவப்படாம கேளுங்க," என்றார் கணக்கு அதிகாரி. "பம்பை வித்தா நாம சோறு தின்னோம்? சீல், பேரிங் வித்துத்தானே தின்னோம். அதை விட்டுட்டா வெறும் கொட்டகைதான் மிஞ்சும்."

"ரிப்பேர்ல பிழைக்கிறதும் ஒரு பிழைப்பா? அதை விட்டா விலையைக் குறைக்கிறான்ல. தொலையட்டும்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். செய்கிறவர்களுக்கு உதிரிக் கிடங்கு என்றால் அவமானத்தை அடுக்கி வைத்திருக்கும் இடம். ஒவ்வொரு லேத்தையும் தடவிப் பார்த்து வாங்கியவர்கள் அந்தக் கதவைத் திறந்தே பார்க்கவில்லை. படித்த முட்டாள்கள்.

"ஏங்க, வீடு போயிடாதே?" என்றாள் மேனேஜரின் மனைவி, அன்று ராத்திரி.

"என் பம்பு மேல நம்பிக்கை இல்லையா?"

"பம்பு மேல இருக்கு. உங்க வாய் மேலதான் இல்லை."

புதுப் பெயர்ப்பலகை ஏறியது. பம்புகள் கொஞ்ச லாபத்துக்குப் போயின. போனவை திரும்பவே இல்லை. எப்போதாவது தேய்ந்தாலும் வாங்கியவன் உதிரிக்காகப் பழைய கம்பெனியின் கடைக்குத்தான் ஓடினான். இவர்களைத் தேடி வந்தவன் வங்கிக்காரன் ஒருவன்தான். கடைசியில் லேத்துகள் எடைக்குப் போயின. பின்னாலேயே வீடும் போயிற்று.

இப்போது அவருக்கு ஓர் அடுக்குமாடியில் மோட்டார் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. படிக்கட்டுக்கு அடியில் குடித்தனம். அங்கே ஓடுவதும் அவர் சோதித்து அனுப்பிய பம்புதான். ஒருநாள் காலை அதன் அடியில் தரை ஈரமாக இருந்தது. விரலை வைத்தார். சொட்டு.

சீல் தேய்ந்திருந்தது. தண்ணீரை உள்ளே பிடித்துவைக்கும் சின்ன வளையம்.

"அடுக்குமாடி செக்ரட்டரிகிட்ட சொல்லுங்க, காசு குடுப்பார்," என்றாள் மனைவி.

"என் பம்பு ஒழுகுதுன்னு என் வாயால சொல்லச் சொல்றியா?"

அவள் காசு டப்பாவைத் திறந்து, இருந்ததை எடுத்து நீட்டினாள். பழைய கம்பெனியின் கடையில் வரிசையில் நின்று வாங்கிவந்தார். உள்ளங்கையில் அடங்கும் வளையம். விலை, அவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் பாதி.