கமலக்கண்ணன் பிரித்த கார்

வேலூரில் ஒரு டாக்டருக்கு இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டியவர் கமலக்கண்ணன். டாக்டர் காலமான பிறகு வீட்டைக் காலி செய்ய வந்த அவர் மகள் ஜெயப்ரியா, ஷெட்டில் நின்ற எழுபத்து நாலாம் வருஷத்துப் பியட் காரைக் காட்டி, "அங்கிள், இத இரும்புக் கடையில போட மனசு வரல. நீங்களே எடுத்துக்கோங்க" என்றாள். கமலக்கண்ணன் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

டாடா ஏஸில் ஏற்றித் தன் ஊரான ஆரணிக்குக் கொண்டுவந்தார். வீட்டை ஒட்டிய சந்தில் தகரக் கூரை போட்டு, அதன் கீழே நிறுத்தினார். சந்தைப் பார்த்த வீட்டுச் சுவரில்தான் தறி அறையின் ஜன்னல் இருந்தது. மனைவி தெய்வநாயகி அங்கே உட்கார்ந்து பட்டு நெய்கிறவள்.

"எவ்ளோ நாளு இது இங்க நிக்கும்?" என்று அவள் கேட்டாள்.

"ஆறு மாசம். ஆணி முதக்கொண்டு பிரிச்சு, புதுசு மாதிரி பூட்டிடுவேன் பாரு."

தான் சொன்னதை அவர் முழுசாக நம்பினார். அந்த வண்டியின் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஓட்டத் தெரிவதும் பிரித்துப் பூட்டத் தெரிவதும் ஒன்றல்ல. சீட்டு, கதவு, கண்ணாடி, இன்ஜின் என்று ஒவ்வொன்றாக இறக்கினார். போல்டுகளைத் தயிர் டப்பாக்களில் போட்டார். எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கவில்லை. கைக்கு மறக்காது என்று நினைத்தார்.

இரண்டாம் மாதம் கண்ணமங்கலத்திலிருந்து டிங்கரிங் செய்கிற உதயாவைக் கூட்டிவந்து காட்டினார். உதயா குனிந்து, வண்டியின் தரைத்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்தினான். அது பொத்தென்று உள்ளே போனது.

"இதுல இரும்பு எங்கண்ணா இருக்குது? மேல பூசின பட்டிதான் நிக்குது. தரை மொத்தமும் வெட்டி எடுத்து வேற தகடு வைக்கணும். ஆனா ஒன்னு. வெட்றதுக்கு முன்னாடி கதவு எடத்துல குறுக்கால இரும்பு பைப்பு வெல்டு வச்சுடணும். இல்லன்னா பாடி தொங்கிடும். ஞாயித்துக்கிழமை பைப்பு எடுத்துகினு வரேன். அதுவரைக்கும் கை வைக்காதீங்க."

பக்கவாட்டுத் தகடுகளின் துருவைத் தேய்ப்பதில் தப்பில்லை என்று மறுநாளே கிரைண்டரைப் போட்டார். காற்று தறி அறைப் பக்கம் அடித்தது. தெய்வநாயகி தறியில் தண்ணீர் தெளித்து வைத்திருந்த சந்தன நிறப் பட்டு நூல் பாவில் துருத்தூள் படிந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. காலையில் பாவு முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தாள். புள்ளி இன்னும் பரவியது.

அவள் கத்தவில்லை. பாவை அறுத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு, நெய்யப் பாவு கொடுத்துக் கூலி தரும் கந்தசாமி கடைக்கு நடந்தாள். திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது.

"இன்னா சொன்னாரு?"

"இனிமே வீட்டுக்குப் பாவு குடுக்க மாட்டாராம்."

அன்று மத்தியானமே கலசப்பாக்கத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாளில் வருவதாகச் சொன்னாள். கமலக்கண்ணன் சந்தில் நின்று யோசித்தார். தூசு வரும் வேலை அத்தனையையும் அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. உதயாவுக்குப் போன் அடித்தார். அவன் எடுக்கவில்லை.

நான்கு மூலையிலும் ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை தரையை வெட்ட ஆரம்பித்தார். சாயங்காலம் கடைசித் துண்டு கழன்று விழுந்தபோது வண்டி மெல்ல முனகியது. அவ்வளவுதான். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு கதவை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். மூடவில்லை. இன்னொன்றைப் பொருத்தினார். அதுவும் மேல் மூலையில் இடித்தது. கீழே உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உதயா பைப்போடு வந்தான். டேப் வைத்து அளந்தான். மறுபடியும் அளந்தான்.

"நடுவுல தொங்கிடுச்சுண்ணா. ரெண்டு பக்கமும் வேற வேற அளவு காட்டுது."

"ஜாக்கி வச்சுத் தூக்கினா?"

"தூக்கலாம். பழைய அளவு யாருக்குத் தெரியும்? சொல்றதுக்கே பேஜாரா இருக்குது. வேற பாடி கெடச்சாதான் உண்டு."

வேறு பாடிக்காக ஒரு வருஷம் அலைந்தார். திருவண்ணாமலையில் ஒன்று கிடைத்தது; அது இதைவிட மோசமாக அரித்திருந்தது. அந்த வருஷத்தில் ஒருமுறை ஜெயப்ரியா போன் செய்து, வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "பெயிண்டு மட்டும்தான் பாக்கிம்மா" என்றார். அதன் பிறகு அவள் நம்பர் வந்தால் எடுப்பதில்லை. தங்கை வீட்டிலிருந்து திரும்பிய தெய்வநாயகி அடுத்த தெருவில் ஒருவரின் தறிக் கூடத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

போன ஆடியில் பழைய இரும்புக்காரர் வந்தார். தரை இல்லாத வண்டியை முழுசாகச் சந்தை விட்டு வெளியே இழுக்க முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். கமலக்கண்ணன் கட்டரை அவரிடம் தரவில்லை. வண்டியின் கூரையிலிருந்து ஆரம்பித்துத் தானே வெட்டினார். பதினொரு துண்டுகள் ஆயின.

சந்தைக் கழுவிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, கந்தசாமி கடைக்குப் போனார். இனி வீட்டில் தூசு கிடையாது, பாவு கொடுங்கள் என்று கேட்டார். கந்தசாமி அவரை உட்காரச் சொல்லி, மரியாதையாகத்தான் பேசினார். அந்தத் தறிக்கான வேலையை வேறு வீட்டுக்குக் கொடுத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"தெரியும். நான் அப்பவே ரெண்டு தபா கேட்டுட்டு வந்தேன்" என்றாள் தெய்வநாயகி. "கை கழுவிகினு வாங்க, சோறு ஆறுது."