லாராவுக்காக வீட்டில் படித்த லத்தீன்

பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும், லத்தீன் கற்பிக்கும் கிம்னாசியம் என்ற உயர்நிலைப் பள்ளியில் மகள் லாராவுக்கு இடம், நான்காம் வகுப்பு ஆசிரியையின் தோல்வி, எங்கள் சனத்தின் வாயடைப்பு: ஜெர்மனியின் எர்லாங்கனில் என் தங்கை பேர்பெச்சுவா வென்றவை இவை.

லாராவுக்குக் கிம்னாசியம் சரிவராது என்று எழுதிய ஆசிரியை, "உங்களுக்கு எதற்கு லத்தீன்?" என்றும் சிரித்தார். தங்கை பழைய புத்தகங்கள் வாங்கித் தானே படித்தாள். பிறகு மகளை வீட்டில் நிறுத்தி, லத்தீனோடு ஜெர்மனும் கணக்கும் கற்பித்தாள்.

"பெட்டையைப் பாப்பரசர் ஆக்கப்போறியோ?" என்று கத்தோலிக்கக் கோயில் வாசலில் எங்கள் சனம் கேலி செய்தது.

யாழ்ப்பாணத்தில் போலப் பாடசாலைக்கு ஒரு லீவுக் கடிதம் போதும் என்று நம்பினோம். "வீட்டில் படிப்பிக்கிறோம்" என்று எழுதி, தங்கையின் கணவர் யோசேப்பு கையெழுத்திட்டு அனுப்பினார். இங்கே அது சட்டவிரோதம். நான்காம் நாள் காலை பொலிஸ் வந்து, அழுத பிள்ளையை வண்டியில் ஏற்றிப் பாடசாலையில் விட்டது.

அதன் பிறகு, ஆசிரியை மறுத்தாலும் எழுதி இடம் பெறக்கூடிய கிம்னாசிய நுழைவுத் தேர்வின் படிவத்தைத் தங்கை நீட்டியபோது யோசேப்பு கத்தினார்.

"உமக்கு விசரே? பொலிஸ் வந்தது காணாதே? இனி ஒண்டிலும் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"அப்ப பேனையை இஞ்சை தாங்கோ."

அதுவரை மகளின் படிவங்கள் எல்லாவற்றிலும் அவர்தான் கையெழுத்திட்டார். தங்கை முதன்முதலாக அப்படியொரு படிவத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டது 2004 மே 5, புதன்கிழமை.