காயல்பட்டினத்து வேங்கைப் பெஞ்சு

1. போனில் தேர்ந்தெடுத்த மரம்

பேட்டையில் ஒரு பழைய மரக்கிடங்கில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். இடித்த வீடு, ஆலை, குடோன் மரங்களை வாங்கி, ஆணி பிடுங்கி, வெளி வேலைக்கு எது ஆகும், எது ஆகாது என்று பிரிப்பது என் பொறுப்பு. தோட்டத்துப் பந்தல், பெஞ்சு, கேட் எல்லாம் நாங்களே செய்தும் கொடுப்போம்.

ஒரு நாள் காயல்பட்டினத்திலிருந்து பாத்திமா லாத்தா காரில் வந்து இறங்கினார். அக்காவை அங்கே லாத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் சொல்வார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கையில் இருந்த போனில், ரியாத்திலிருந்து அவர் கணவர் சாகுல் காக்கா வீடியோ காலில் இருந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவருக்கு அங்கேதான் வேலை.

"அடுத்த வருஷம் ஒரேயடியா ஊருக்கு வந்திருதேன் அண்ணாச்சி. வீட்டுக்குப் பின்னால கடக்காத்து நல்லா வரும். அங்கன நாங்க ரெண்டு பேரும் உக்கார, மேல கூரையோட ஒரு பெஞ்சு வேணும்" என்றார்.

சேரன்மகாதேவிப் பக்கம் இடித்த ஓர் அரிசி ஆலையின் மரம் அப்போது வந்து கிடந்தது. போனை வாங்கி ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஆலை முதலாளி அறையில் இருந்த தேக்கு உத்திரங்கள் காக்காவுக்குப் பிடித்துப்போயின. பூவேலை செய்தவை.

"தட்டுங்க, சத்தம் கேப்போம்."

தட்டினேன். கணீரென்றுதான் கேட்டது. ஆனால் சுவருக்குள் இருந்த முனையில் ஸ்குரூடிரைவரைக் குத்தியதும் மெத்தென்று இறங்கியது. ஓரம் முழுக்க வெள்ளை. வெள்ளை என்றால் வைரம் பாயாத வெளிப்பகுதி. வீட்டுக்குள் ஆயுசுக்கும் கிடக்கும்; வெளியே வைத்தால் மழை குடித்து உளுத்துப்போகும்.

"அப்ப எதுதான் நிக்கும்?" என்று லாத்தா கேட்டார்.

நெல் அவிக்கிற கொட்டகையின் தூண்களைக் காட்டினேன். வேங்கை. ஆவியிலும் மழையிலும் நின்று கறுத்து, மேலெல்லாம் வெடிப்பு. குத்தினால் ஸ்குரூடிரைவர் வழுக்கியது. ஒரு முனையைச் சீவி ஈரத்துணியால் துடைத்தேன். துணியில் மஞ்சள் ஏறியது. உள்ளே மரம் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தது.

"பாக்க நல்லாவே இல்லையே பாத்திமா" என்றார் காக்கா.

லாத்தா தூணில் கையை வைத்தபடி பைய சொன்னார்: "நீங்க வர்ற வரைக்கும் நிக்கணும்லா மச்சான்."

காக்கா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் அந்தத் தூணைப் பார்த்தார். பிறகு, "அதையே எடு" என்றார்.

2. பென்சில் கோடு

தூண்களை மண்ணில் புதைக்கவில்லை. மண்ணில் புதைத்த எந்த மரமும் தரை மட்டத்தில்தான் முதலில் அழுகும். கல் மேல் ஷூ, அதாவது தூணின் அடியைப் பிடிக்கிற உலோகக் கிண்ணம், வைத்து நிறுத்தினோம். உப்புக்காற்றுக்கு இரும்பு போல்ட் தாங்காது என்பதால் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். முதல் மழையில் வேங்கையிலிருந்து மஞ்சள் சாயம் இறங்கும், வெளியே போகப் போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டியோடு உட்காராதீர்கள் என்று லாத்தாவிடம் சொல்லி வைத்தேன்.

பெஞ்சுப் பலகையை மாட்டுகிற அன்று அவர் டீ கொண்டுவந்து வைத்தார்.

"அவங்க வரல அண்ணாச்சி. கம்பெனியில விட மாட்டேங்காங்களாம். பெஞ்சு நீளத்தைக் குறைச்சிருங்க. எனக்கு ஒருத்திக்கு இம்புட்டு எதுக்கு?"

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பென்சிலால் கோடு போட்டேன். ரம்பத்தை எடுத்து, மறுபடி கீழே வைத்தேன்.

"அறுத்தா ஒட்ட முடியாது லாத்தா. ஒரு மழை போகட்டும். அப்பவும் பெரிசாத் தெரிஞ்சா சொல்லுங்க, நானே வந்து அறுத்துத் தாரேன்."

அவர் தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டே, "சரி, கிடக்கட்டும்" என்றார். அதற்காக என்னை அவர் கூப்பிடவே இல்லை.

3. எண்ணெய் பூசப் போன நாட்கள்

வருஷா வருஷம் மழை முடிந்ததும் எண்ணெய் பூசப் போவேன். சாயங்கால அசர் தொழுகை முடித்து லாத்தா எப்போதும் ஒரே ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். மறு ஓரத்தில் தூணில் சாய்த்து வைத்த போனுக்குள் காக்கா. பல நாள் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. அங்கே அவர் சமைக்கிற பாத்திரச் சத்தம் வரும். இங்கே தென்னை ஓலைச் சத்தம்.

"சண்டை போடக்கூட ஆளு பக்கத்துல வேணும் அண்ணாச்சி" என்றார் ஒருமுறை. நான் எண்ணெய்த் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காக்காவே கூப்பிட்டார். ஒரேயடியாக வந்துவிட்டாராம். போல்ட் ஒன்று லூசாக இருக்கிறது, பார்க்க முடியுமா என்றார். போனேன். போனில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது.

நான் ஸ்பேனர் எடுப்பதற்குள் அவர் பலகையைத் தடவிக்கொண்டு வந்தார். எண்ணெய் பூசி ரொம்ப நாளானதால், வெயில் பட்டுப் பலகை சாம்பல் பூத்துச் சொரசொரப்பாக இருந்தது. ஓர் ஓரம் மட்டும் கறுத்து வழவழவென்று மின்னியது.

"இந்த இடத்துக்கு மட்டும் பாலிஷ் போட்டீங்களா அண்ணாச்சி?"

"இல்ல காக்கா. அது லாத்தா உக்காந்த இடம்."

அவர் கையை எடுத்துவிட்டார். பிறகு மறுபடியும் அங்கேயே வைத்தார்.

அடுப்படியிலிருந்து லாத்தா கேட்டார்: "டீயை அங்கன கொண்டு வரட்டா?"

"டீ கிடக்கட்டும். நீ வா" என்றார் காக்கா.

வெளியே நிற்கிற மரத்துக்கு வெயிலும் மழையும்தான் எதிரி என்று கிடங்குக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆள் புழங்காத மரம்தான் சீக்கிரம் கெடும் என்பதையும் இப்போது கிடங்குப் பக்கம் போனால் சேர்த்துச் சொல்கிறேன்.