ஆர்லிஸின் பின் இருக்கை

அமெரிக்காவின் மினசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்லிஸ் பொறுமைசாலி என்று ஊரே சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்? அவள் கணவன் லோவெல் கொட்டகையில் விமானம் கட்டிய கதையைக் கேட்டால் தெரியும்.

பாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து வீட்டிலேயே பொருத்துகிற விமானம் அது. முன்னால் ஓட்டுபவர், பின்னால் இன்னொருவர். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே நின்று அடிப்பவர் லோவெல். உள்ளே படுத்து இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்தவள் ஆர்லிஸ். வாலுக்குள் புழுவாக நெளிந்து, காது அடைத்து, முழங்கைத் தோல் உரிந்து கிடந்தாள். விமானம் முடிந்ததும் பின் இருக்கையில் உட்கார்ந்து மொன்டானாவில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போவதாகப் பேச்சு. அதற்காகத்தான் அத்தனையும் பொறுத்தாள்.

லோவெலுக்கோ எப்போதும் நாளைக்கு வேண்டியதில்தான் கண். பின்னால் வரப்போகும் வயர்களுக்கு இறக்கைக்குள் இப்போதே காலிக் குழாய். பின்னாளில் பெரிய எஞ்சின் மாட்டினால் மூக்கு கனத்துவிடுமாம். அதைச் சரிக்கட்ட இப்போதே பேட்டரிக்கு வாலுக்குள் ஒரு தட்டு. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதைதான். அந்தத் தட்டுக்கும் ஆர்லிஸே முட்டுக்கொடுத்தாள்.

எடை போடும் நாளில் விமான மன்ற நண்பர்கள் வந்தார்கள். மூன்று சக்கரங்களுக்கும் கீழே தராசு வைத்தார்கள். மன்றத்தில் அனுபவசாலியான ஓரின் கணக்குப் போட்டார். மறுபடியும் போட்டார். பிறகு கழுத்தைச் சொறிந்தபடி விஷயத்தைச் சொன்னார். இந்தச் சின்ன எஞ்சினோடு, வாலில் பேட்டரியும் இருந்து, பின் இருக்கையில் ஆளும் உட்கார்ந்தால் வால் கனத்து விமானம் கட்டுக்கு அடங்காது. ஓட்டுபவர் மட்டும்தான் போகலாம்.

லோவெல் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"பெரிய எஞ்சின் வந்தா எல்லாம் சரியாயிடும், ஆர்லிஸ். அதுவரைக்கும் நான் தனியா ஓட்டிக்கிறேன்."

"எப்ப வரும்?"

"ரெண்டு மூணு வருஷம் ஆகும். இப்ப என்ன அவசரம்?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட அவள் மனசு ஆறியிருக்கும். மனுஷன் அவளைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

"வராத எஞ்சினுக்கு இடம் போட்டே. வந்து நிக்கிற எனக்கு எங்கய்யா இடம் போட்டே?"

லோவெல் நண்பர்களைப் பார்த்துச் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

அவள் ரிவெட்டுகளைத் துளைத்தெடுக்க டிரில்லை எடுத்துக்கொண்டு வாலுக்குள் நுழைந்தாள். ஓரின் யார் சொல்லுக்கும் காத்திராமல் பேட்டரியின் இணைப்புகளைக் கழற்றி, அதை வெளியே எடுக்க உதவினார். அந்தத் தட்டு போனால் பெரிய எஞ்சின் வரும்போது திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும் என்று லோவெல் வெளியே நின்று கெஞ்சினார். உள்ளே டிரில் ஓடிக்கொண்டே இருந்தது.

தட்டோடு வெளியே வந்த ஆர்லிஸ் அதை அவர் காலடியில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"பேட்டரியை முன்னாடி வை. நான் எறங்கப் போறதில்ல. இந்தத் தடவை என்னையும் சேர்த்து எடை போடு."